இடக்கையில் கட்டிய பட்டை

ஏரிமேட்டில் மெர்சியிடம் கையை நீட்டாதவர்கள் இல்லை. குழந்தைகள் தடுப்பூசிக்காக நீட்டின. கருவுற்ற பெண்கள் இரத்தப் பரிசோதனைக்காக நீட்டினர். நாற்பதைத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக நீட்டினர். கிராமச் சுகாதாரச் செவிலியராக அவர் அங்கே வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. மண்ணூருக்கும் பிள்ளைப்பாக்கத்துக்கும் நடுவில், தொழிற்பேட்டையின் மதில் வளைகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். அவர் வந்த புதிதில் ஊரில் முந்நூறு வீடுகள் இருந்தன. இப்போது யாரும் வீடுகளை எண்ணுவதில்லை, அறைகளைத்தான் எண்ணுகிறார்கள்.

மெர்சி பென்னலூரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் செவிலியர் பயிற்சியை முடித்தவர். கணவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். ஒருவர் வீடு திரும்பும்போது மற்றவர் புறப்பட்டுவிடுவார் என்பதால், இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகுதான். அதனாலேயே இருபது ஆண்டுகளாகச் சண்டையில்லாமல் குடும்பம் நடக்கிறது என்று மெர்சி சிரித்துக்கொண்டே சொல்வார். புதன்கிழமைதோறும் தம் ஸ்கூட்டரின் முன்புறத்தில் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் வருகிற காட்சி ஊருக்குப் பழகிப்போன ஒன்று.

அவரிடம் ஒரு விதி உண்டு. இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் முதலில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் எல்லாரும் கற்றது அது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், மெர்சி மறக்கவில்லை. சுவரில் ஒரு கடிகாரத்தை மாட்டி, அதற்கு எதிரே ஒரு பெஞ்சைப் போட்டிருந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துகொண்டு வந்த சூப்பர்வைசர்களும், மாமியாரைக் குறை சொல்லிக்கொண்டே படியேறிய மருமகள்களும் அந்தப் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு சொல் பேசினாலும் ஐந்து நிமிடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த விதியின் காரணமாக ஊரில் ஒருவருக்கு மட்டும் இன்றுவரை அளவு பார்க்கப்படவில்லை. அவர் செல்லம்மாள். மெர்சி பணிபுரியும் அறைக்குச் சொந்தக்காரரே அவர்தான். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மூன்று தளமாக வீட்டைக் கட்டி, பன்னிரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். கீழ்த்தளத்தின் முன்னறை வாசலில்தான் துணைச் சுகாதார நிலையம் என்ற பலகை தொங்கியது. செல்லம்மாள் பலமுறை அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மூன்று நிமிடம்வரை தாக்குப்பிடிப்பார். அதற்குமேல், மாடியில் குழாயைத் திறந்துவிட்டவன் எவன் என்று அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்த கட்டம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது.

அந்தச் செல்லம்மாள்தான் ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் வாசற்படியில் வந்து நின்றார். வழக்கத்துக்கு மாறாகச் சற்றுத் தயங்கிவிட்டே பேச்சைத் தொடங்கினார்.

“இன்னா மெர்சி, தப்பா நெனைச்சுக்காத. இந்த ரூமுக்கு ஆறு பசங்க வராங்க. கவர்மெண்டு குடுக்கிற வாடகை உனக்கே தெரியும். ஆடி மாசம் யாரும் வூடு மாற மாட்டாங்க. உன்னயும் போவச் சொல்ல மாட்டேன், அவனுங்களயும் வரச் சொல்ல மாட்டேன். ஆவணி ஒண்ணாந்தேதி அவனுங்க பெட்டியோட வந்து நிப்பானுங்க. அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்கம்மா.”

ஆடியில் குடிபுகுவதில்லை என்ற வழக்கம் மெர்சிக்குத் தந்த அவகாசம் அவ்வளவுதான். சுகாதாரத் துறையிலிருந்து வந்த கடிதத்துக்கோ ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. ஏரிமேட்டில் இடம் இல்லையென்றால் துணை நிலையத்தை நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள பெரிய நிலையத்தோடு சேர்த்துவிடலாம், செவிலியரும் அங்கேயே பணியாற்றலாம் என்று அது அமைதியாகக் கூறியது.

சேர்த்துவிடலாம் என்று எழுதுவது எளிது. மாடியில் குடியிருந்த இசக்கியைக் கேட்டால் அதன் பொருள் தெரிந்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்து, கைப்பேசிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண் அவர். ஏழு மாதக் கர்ப்பிணி. ஷிப்டு முடிந்து பேருந்திலிருந்து இறங்கியதும், சாப்பாட்டுக் கூடையோடு நேராக மெர்சியிடம் வந்து எடை பார்த்துக்கொண்டு போவார். செய்தியைக் கேட்டதும் இசக்கி கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“ரோட்டுக்கு அங்கிட்டுப் போவணும்னா ஒரு நா லீவு போடணும்லா அக்கா. ரெண்டு லீவு சேந்தாப்புல போட்டா லைன்ல வேற ஆள நிப்பாட்டிருவாவ” என்றார்.

அவரைப் போன்ற கர்ப்பிணிகள் அப்போது மெர்சியின் பதிவேட்டில் முப்பத்தொரு பேர் இருந்தனர். மெர்சி நெடுஞ்சாலைக்கு அப்பால் போய்விட்டால், அவர்களில் எத்தனை பேர் பின்னால் வருவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர்கூட வரமாட்டார்கள்.

ஏரிமேட்டில் இடம் இல்லாமல் இல்லை. ரேஷன் கடையை ஒட்டி அருமையான புறம்போக்கு நிலம் ஒன்று கிடந்தது. சொந்தக் கட்டடத்துக்கு அரசு அனுமதி வந்தும் நெடுநாள் ஆகிவிட்டது. அந்த நிலத்தைக் கட்டடத்துக்கு ஒதுக்குவதாகக் கிராம சபை ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்று நான்கு கூட்டங்களாக நடக்கவில்லை.

நடக்காததற்கு யார் காரணம் என்பதில் ஊரில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்றியக் கவுன்சிலர் ஜீவானந்தம் ஒரு கட்சி. ஊராட்சித் துணைத் தலைவர் இனியவன் மறு கட்சி. இருவரும் கட்டுவது கரை வேட்டிதான், கரையின் நிறம்தான் வேறு. மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க இருவரும் மெர்சியிடம் வருவார்கள். ஒருவர் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று தெரிந்தால் மற்றவர் வெள்ளிக்கிழமை வருவார்.

“நம்ம ஆட்சியில நான் நடையா நடந்து வாங்கினு வந்த உத்தரவு சிஸ்டர். இவனுங்க வந்தானுங்க, எடத்த குடுக்காம இழுத்துக்கினே கீறானுங்க” என்பார் ஜீவானந்தம்.

“எடத்தையே பாக்காம உத்தரவ மட்டும் வாங்கினு வந்து போட்டோ புடிச்சுக்கினவர போய்க் கேளுக்கா” என்பார் இனியவன்.

கிராம சபையிலும் இதே பேச்சுத்தான், ஒலிபெருக்கி ஒன்றுதான் கூடுதல். அதற்கென்று ஒரு முறையே அங்கே நிலைத்துவிட்டது. முதலில் ஒருவர் மற்றவரைக் குற்றம் சாட்டுவார். மற்றவர் எழுந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஓர் உதறு உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொள்வார். அது வெளிநடப்புக்கு அடையாளம். அவருடைய ஆட்கள் நூற்றைம்பது பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். தீர்மானம் நிறைவேற இருநூறு பேராவது இருந்து கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கம் எழுந்து போய்விட்டால் மறுபக்கத்தில் அத்தனை பேர் தேறமாட்டார்கள். குடியரசு நாளில் இனியவன் துண்டை உதறினார். மே நாளில் ஜீவானந்தம் உதறினார். அன்று மாலையே, கட்டடத்தைத் தடுத்தவர் யார் என்று கேட்டுச் சாலையின் இரு புறமும் ஃபிளெக்ஸ் பலகைகள் எழும். கேள்வி ஒன்றுதான், அதற்குக் கீழே இருக்கும் படம் மட்டும் மாறும்.

ஊராட்சித் தலைவர் சந்திரலேகா இருவரையும் விட வயதில் இளையவர்; எந்தப் பக்கத்தையும் சேராதவர். அதனாலேயே இரு பக்கமும் அவரை நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தத் தீர்மானத்தைக் கடைசிக்கு வைத்து, அது வருவதற்குள் நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார்.

ஆடி பாதி கடந்திருந்தது. மெர்சி வேறு இடம் தேடிப் பார்த்தார். காலியாக இருந்த ஒரே கொட்டகையையும் பார்த்துவிட்டு, அதில் தடுப்பூசி போட்டால் ஊசிக்கே காய்ச்சல் வந்துவிடும் என்று திரும்பிவிட்டார். செல்லம்மாளிடம் இன்னும் சில மாதங்கள் பொறுக்க முடியுமா என்று கேட்டார். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த செல்லம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“கட்டடம் வருமா, வராதான்னு தெரியாம நான் எத்தினி மாசம் காத்துக்கினு இருக்கிறது? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அந்த ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடட்டும். கட்டடம் எழும்புற வரைக்கும் நீ இங்கயே இரு. அந்தப் பசங்கள நான் மாடியில அடைச்சுக்கிறேன்.”

நடக்காது என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு அது. மெர்சி அதைத் தம் நாட்குறிப்பில் தேதியோடு எழுதிக்கொண்டார்.

அன்று மாலை அவர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கிராம சபை நடக்கும்போதெல்லாம் பந்தலின் ஓரத்தில் சுகாதாரத் துறையின் மேசை ஒன்று போடப்படும். கூட்டத்துக்கு வருபவர்களுக்கு மெர்சி அங்கே இரத்த அழுத்தம் பார்ப்பார். இரு தலைவர்களும் அதற்குத் தவறாமல் வருவார்கள். கூட்டத்தின் முன் கையை நீட்டி உட்கார்வது எளிமைக்கு அடையாளம், புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். மெர்சி விரலை வைத்துத் தேடினார். ஜீவானந்தத்துக்கு மாதந்தோறும் நூற்று நாற்பதுக்குள் நிற்கிற அளவு, கிராம சபை நாள்களில் மட்டும் நூற்றெழுபது, நூற்றெண்பது என்று ஏறியிருந்தது. இனியவனுக்கும் அப்படியே. அந்த நான்கு கூட்டங்களிலும் மாத்திரையைக் கொடுத்து, கொஞ்சம் அமைதியாக இருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்களும் தலையசைத்துவிட்டுப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறார்கள். மே நாளன்று முழக்கமிட்டுக்கொண்டிருந்த ஒருவர் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்ததும் மெர்சிக்கு நினைவுக்கு வந்தது. தாம் செய்தது பாதி வேலைதான் என்று அவருக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட அளவு வந்தால் அரைமணி நேரம் அமர வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதும் விதிதான்.

சுதந்திர நாளுக்கு முந்தைய நாள் அவர் சந்திரலேகாவின் வீட்டுக்குப் போய், அந்தத் தீர்மானத்தை இந்த முறை முதலில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார். ஏன் என்று சந்திரலேகா கேட்கவில்லை. நான்கு முறை கடைசியில் வைத்துப் பார்த்தாயிற்று, ஒருமுறை முதலில் வைத்துத்தான் பார்ப்போமே என்றார்.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில் சுதந்திர நாள் வந்தது. கூட்டம் நடந்ததே அந்தப் புறம்போக்கு நிலத்தில்தான். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தானதும் இரு பக்கத்து ஆட்களும் வழக்கம் போல வலப்புறமும் இடப்புறமும் பிரிந்து உட்கார்ந்தனர். பின்வரிசையில், அங்கே வாக்குரிமை இல்லாத வெளியூர்க்காரர்கள் நின்றனர். அவர்களில் இசக்கியும் ஒருவர். செல்லம்மாள் முன்வரிசையில் விசிறியோடு அமர்ந்திருந்தார்.

ஜீவானந்தம் மெர்சியின் மேசைக்கு வந்தார். அவர் வந்ததைக் கண்டு இனியவனும் வந்தார். மேசைக்கு எதிரே இருந்தது ஒரே பெஞ்சு. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள் என்றார் மெர்சி. இருவரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, எதிரெதிர்த் திசைகளில் புன்னகை செய்தனர். மெர்சியிடம் கருவிகள் இரண்டு இருந்தன. பழைய பாதரசக் கருவி ஒன்று, துறை புதிதாகக் கொடுத்த மின்கருவி ஒன்று. இருவருடைய இடக்கையிலும் பட்டையைச் சுற்றினார். ஜீவானந்தத்துக்கு நூற்றெண்பத்து நான்கு. இனியவனுக்கு நூற்று எழுபத்தெட்டு. அளவில் மெர்சி ஒரு புள்ளியும் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று.

“பாரு சிஸ்டர், இவராலதான் எனக்கு இப்பிடி ஏறுது” என்று ஜீவானந்தம் தொடங்கினார்.

“அப்ப எனக்கு யாரால ஏறுதாம்?” என்றார் இனியவன்.

மெர்சி குரலை உயர்த்தவில்லை. “ரெண்டு பேரும் கேளுங்கண்ணே. இந்த அளவோட எழுந்து மைக்குல கத்தறதுக்கு நான் விடமாட்டேன். அரைமணி நேரம் பேசாம, எழுந்திருக்காம இங்கயே உட்காரணும். மறுபடி பாப்பேன். குறையலன்னா நூத்தியெட்டு வண்டியக் கூப்பிடறதத் தவிர வேற வழியில்ல” என்றார்.

நூற்றெட்டு வண்டி என்றதும் இருவர் மனத்திலும் ஒரே பலகைதான் எழுந்தது. கூட்டத்தைக் கண்டு அஞ்சி ஆம்புலன்சில் ஓடியவர் யார் என்று கேட்கும் பலகை. தாம் முதலில் எழுந்தால் அதில் தம் படம் இருக்கும். ஜீவானந்தம் இனியவனைப் பார்த்தார். இனியவன் ஜீவானந்தத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் அசையாமல் உட்கார்ந்துவிட்டனர். பெஞ்சில் அவ்வளவு உறுதியாக எவரும் அமர்ந்து மெர்சி பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் சந்திரலேகா ஒலிபெருக்கியைப் பிடித்தார். முதல் தீர்மானமாக, துணைச் சுகாதார நிலையத்துக்கு இந்த நிலத்தை ஒதுக்குவது என்று நிதானமாகப் படித்தார். வலப்பக்கத்து நூற்றைம்பது பேர் ஜீவானந்தத்தின் துண்டைப் பார்த்தனர். இடப்பக்கத்து நூற்றைம்பது பேர் இனியவனின் துண்டைப் பார்த்தனர். இரண்டு துண்டுகளும் தோளிலேயே கிடந்தன. எழுவதா, அமர்வதா என்று தெரியாமல் சிலர் பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தனர்.

யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று சந்திரலேகா கேட்டார். சொல்ல வேண்டிய இருவரும் பட்டையோடு உட்கார்ந்திருந்தனர். ஜீவானந்தத்தின் உதடு ஒருமுறை துடித்தது. மெர்சி தம் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார், அது அடங்கியது. பின்வரிசையிலிருந்து இசக்கி கேட்டார், இந்தக் கட்டடம் வேண்டாம் என்கிறவர் இங்கே யாராவது இருக்கிறார்களா என்று. உனக்கு இங்கே ஓட்டா இருக்கிறது என்று ஒருவர் கேலியாகத் திரும்பினார். ஓட்டு இல்லை, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றார் இசக்கி. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. வேண்டாம் என்று சொல்ல எவரும் எழவில்லை. அவ்வளவு நாளும் எவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

எழுத்தர் தீர்மானப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கும் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் கையெழுத்திடாத தாளில் தொண்டர் கையெழுத்திடமாட்டார். எனவே பதிவேடு முதலில் மெர்சியின் மேசைக்கு வந்தது. ஜீவானந்தம் அதைப் பார்த்தார், தம் கையில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தார், முடியாது என்று காட்டும் முகத்தோடு மெர்சியைப் பார்த்தார்.

“எடது கையிலதானேண்ணே கட்டியிருக்கேன். வலது கை சும்மாத்தான் இருக்குது. பேசக் கூடாதுன்னுதான் சொன்னேன், கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொல்லலியே” என்றார் மெர்சி.

முன்வரிசையில் செல்லம்மாளின் விசிறி நின்றுவிட்டது.

வேறு நாளாக இருந்தால் ஜீவானந்தம் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தியிருப்பார். பேச்சு இல்லாதபோது, தாம் வாங்கி வந்த உத்தரவுக்குத் தாமே கையெழுத்திட மறுப்பதை எப்படி விளக்குவது என்று அவருக்கு விளங்கவில்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். பேனாவை வாங்கினார், பெரிய எழுத்தில், தாளின் பாதியை அடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். இனியவன் அந்தக் கையெழுத்தின் அளவைப் பார்த்துவிட்டு, எஞ்சிய பாதியையும் நிரப்பித் தம்முடையதை இட்டார். எழுத்தர் பக்கத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. பிறகு பதிவேடு பந்தலுக்குள் போனது. இரு பக்கமும் அதற்காக இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் நூறா, நம் பக்கத்தில் நூற்றிருபது என்று எண்ணிக்கையில் போட்டி வந்துவிட்டது. இருநூறு எப்போது கடந்தது என்று எவரும் கவனிக்கவில்லை. கடைசியில் இருநூற்றெழுபத்தெட்டு என்று சந்திரலேகா அறிவித்தபோது அவருக்கே நம்ப முடியாமல் இருமுறை படித்தார்.

அரைமணி முடிந்ததும் மெர்சி மறுபடியும் அளவு பார்த்தார். ஜீவானந்தத்துக்கு நூற்று நாற்பத்தாறு. இனியவனுக்கு நூற்று நாற்பத்திரண்டு. பதிவேட்டில் இரண்டு அளவுகளையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு, இனி நீங்கள் பேசலாம் என்றார். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினர்.

மறுநாள் காலையில் சாலையின் இரு புறமும் புதிய பலகைகள் நின்றன. ஏரிமேட்டுக்கு மருத்துவமனை தந்தவர் என்று ஒன்றில் ஜீவானந்தம் கைகூப்பியிருந்தார். அதே வாசகத்தின் கீழ் மற்றொன்றில் இனியவன் கைகூப்பியிருந்தார். மெர்சி ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டையும் படித்தார். ஒருவர் மற்றவர்மீது பழி போட்ட காலத்தை விட, ஆளுக்குப் பாதிப் புகழ் எடுத்துக்கொண்ட இந்தக் காலம் சுகாதாரத்துக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆவணி முதல் நாளில் ஆறு இளைஞர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கினர். செல்லம்மாள் அவர்களை மாடிக்குப் போகச் சொன்னார். மூன்றாம் தளத்தில், தாம் ஊறுகாய் ஜாடிகளையும் பழைய கட்டிலையும் போட்டு வைத்திருந்த அறையை முந்தைய நாளே காலி செய்து, வெள்ளை அடிக்கச் செய்திருந்தார். அதைப் பற்றி மெர்சி ஒன்றும் சொல்லக் கூடாது என்பதற்காகவே, முன்னறைக்குள் வரும்போதே பேச்சை மாற்றினார். கையை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எனக்கும் கட்டு. அந்த ரெண்டு பேரே அரைமணி வாயத் தொறக்காம குந்திக்கினு இருந்தானுங்க. நான் அஞ்சு நிமிஷம் இருக்க மாட்டேனா?”

மெர்சி கடிகாரத்தைக் காட்டினார். எடை பார்க்க வந்திருந்த இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. மூன்றாவது நிமிடத்தில் மாடியில் பெட்டிகளை இழுக்கும் ஓசை கேட்டது. செல்லம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. நான்காவது நிமிடமும் போனது. இன்னும் இருபது நொடிதான் இருந்தது. அப்போது மேலே யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் கொட்டுகிற ஓசை கீழ்வரை கேட்டது.

“எவன்டா அவன்?” என்றார் செல்லம்மாள்.

மெர்சி பேனாவை மூடி வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.